மறுபதிப்பும் மறு உடைமையும்: இசைத்தட்டுகள் குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற ஆடியில் 2,800 ரூபாய் கொடுத்து ஓர் இசைத்தட்டு வாங்கினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த தமிழ்ப்படம் ஒன்றின் பாடல்கள். பழைய தட்டு அல்ல, புதிதாக அச்சடித்த மறுபதிப்பு. கனத்த அட்டை, 180 கிராம் எடை, உள்ளே பளபளவென்று ஒரு படம். ஊசியை வைத்ததும் முதலில் வரும் நாகசுரம் ஆடியது. நான் சொல்வது கமகத்தை அல்ல. ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஒலி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. கடைசிப் பாட்டில் வயலின்களும் சேர்ந்து ஆடின.

விற்றவரை அழைத்துச் சொன்னேன். “வினைல்னா அப்படித்தான் சார். அந்தப் பழைய ஃபீலுக்காகத்தானே வாங்குறாங்க” என்றார். சீல் உடைத்த தட்டைத் திருப்பி எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

என் அப்பா வண்டியூரில் முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். இதே படத்தின் தட்டைச் சடங்கு வீட்டிலும் முளைப்பாரியிலும் தேயத்தேய ஓட்டியவர். அவரிடம் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம்கூடக் கேட்கவில்லை. “ஓட்டை நடுவுல இல்லப்பா. தப்பாக் குத்திட்டாய்ங்க” என்றார். பிறகு, “எவ்வளவு?” என்று கேட்டார். எண்ணூறு என்று பொய் சொன்னேன். “எண்ணூறே ஜாஸ்தி” என்றார்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்பதிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது. இதை வெறும் நுகர்வோர் புகாராக எழுதி முடித்துவிடலாம். ஆனால் விற்றவர் சொன்ன ‘பழைய ஃபீல்’ என்ற சொல்லாடலுக்குள் ஒரு குறைபாடு எப்படிப் பண்பாக மாற்றி விற்கப்படுகிறது என்பதும், தெருவெல்லாம் கேட்ட ஒலி எப்படித் தனியொருவரின் அலமாரிக்குள் போய்ச் சேர்கிறது என்பதும் சேர்த்தே யோசிக்கப்பட வேண்டியவை.

2

இசைத்தட்டை மேற்கிலிருந்து வந்த அதிசயமாகப் பேசுவது நமக்குப் பழக்கம். பழைய 78 சுற்றுத் தட்டை ஒட்டிப்பிடித்திருந்த பொருள் நம் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்த பூச்சிப் பிசின்தான் உலகமெங்கும் தட்டாகச் சுழன்றது. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் குரலைப் பதிவுசெய்தபோது, அப்பதிவுகள் தட்டாவதற்குக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. 1908-இல்தான் கல்கத்தா சியால்டாவில் அச்சு ஆலை வந்தது. பிற்பாடு அது டம்டமுக்கு மாறியது. அரக்கு இங்கிருந்து, உழைப்பு இங்கிருந்து, பாட்டும் இங்கிருந்து. உடைமை மட்டும் அங்கே.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதல் என்ற அளவு, மணிக்கணக்கில் விரியும் ராகத்தை நறுக்கியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது இந்த நறுக்கிய வடிவில்தான். இழப்புதான். ஆனால் கோயில் உள்வீதியிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் நின்றிருந்த அந்த நாகசுரம், அங்கே நுழைய முடியாதவர்களின் காதுக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தட்டால்தான். நாடக மேடைப் பாட்டையும் தேசியப் பாட்டையும் தட்டும் பாட்டுப் புத்தகமும் எப்படிப் பரப்பின என்பதை சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் எழுதிய நூல் விரிவாகச் சொல்கிறது.

வால்டர் பெஞ்சமின் 1936-இல் வெளியிட்ட கட்டுரையில் இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ‘ஒளிவட்டத்தை’ அழிக்கிறது என்றார். அந்த அழிவில் ஒரு ஜனநாயக சாத்தியத்தையும் கண்டார். இதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் வண்டியூர்க் குழாய்தான். தட்டை வாங்கியவர் அப்பா ஒருவர், கேட்டது ஊர். சித்திரையில் அழகர் வண்டியூருக்கு வரும் இரவிலும் தையில் தெப்பத்தன்றும் வேப்ப மரத்தில் கட்டிய குழாய்க்கு டிக்கெட் கிடையாது. இதை ரொம்பவும் புனிதப்படுத்திவிடவும் கூடாது. குழாயை எந்தத் தெரு வரை கட்டலாம், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் பாட்டைப் போடலாம் என்பதெல்லாம் சாதி பார்த்தே நடந்தன. பாட்டை மாற்றச் சொல்லி அப்பாவின் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் கால் போக முடியாத தெருவுக்குக் குரல் போயிற்று என்பது உண்மை. அதனால்தான் சண்டையும் வந்தது.

3

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நெடுந்தட்டைக் கொண்டுவந்ததும் அரக்கு போய் வினைல் வந்தது. வினைல் என்றால் வேறொன்றுமில்லை; தண்ணீர்க் குழாய் செய்கிற பிவிசி குடும்பம்தான். எண்பதுகளில் கேசட் இதைத் தள்ளிவிட்டது. கேசட் எப்படிப் பெரிய கம்பெனிகளின் ஏகபோகத்தை உடைத்துச் சிறிய குரல்களுக்கு இடம் தந்தது என்பதைப் பீட்டர் மேனுவல் 1993-இல் வட இந்தியாவை வைத்து எழுதினார். தொண்ணூறுகளில் இந்தியாவில் தட்டு அச்சடிப்பது நின்றுபோனது. அப்பாவும் தன் தட்டுகளைப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் எடைக்குப் போட்டார். ‘ரெக்கார்டு டான்ஸ்’ என்ற சொல் மட்டும் தட்டு இல்லாமலே தங்கிவிட்டது.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. சில ஆண்டுகள் வெளிநாட்டு ஆலைகளில் அச்சடித்து இறக்கினார்கள். 2024-இல் மும்பையில் ஓர் அச்சு ஆலை தொடங்கப்பட்டது. ஆனால் திரும்பி வந்த தட்டு பழைய தட்டு அல்ல. ‘மறுபதிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. மூல ஒலிநாடாவிலிருந்து நேராக வெட்டியது ஒன்று. நாடாவை நல்ல தரத்தில் டிஜிட்டலாக மாற்றி அதிலிருந்து வெட்டியது இரண்டு. சிடிக்காகச் சத்தம் கூட்டித் தயாரித்த கோப்பை அப்படியே தட்டில் ஏற்றியது மூன்று. நாடா தொலைந்துபோய்ப் பழைய தட்டையே ஓட்டி, கீறல் சத்தத்தை வடிகட்டி எடுத்தது நான்கு. நான்குமே தன்னளவில் குற்றமல்ல. எது என்று அட்டையில் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். பெரிய இடத்திலும் இது நடக்கிறது. நாடாவிலிருந்து நேராக வெட்டியவை என்று வாங்குவோர் நம்பி விலை கொடுத்த மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் தட்டுகளில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022-இல் வெளியாகி, வழக்கு வரை போனது. அதுவரை யார் காதுக்கும் அது தெரியவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்கள் காசு கொடுத்தது ஒலிக்கு மட்டுமல்ல, ‘மூலம்’ என்ற கருத்தியலுக்கும்தான். பெஞ்சமின் அழிந்ததாகச் சொன்ன ஒளிவட்டத்தைப் பிரதியின் மேலேயே திரும்பப் பூசி விற்கிறார்கள்.

4

இனித் தட்டின் தரம். பூச்சுப் பூசிய ஒரு வட்டில் முதலில் பள்ளம் வெட்டுகிறார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சால் சூடான வினைலை அழுத்துகிறார்கள். அந்தப் பூச்சு வட்டு செய்கிற அமெரிக்க ஆலை ஒன்று 2020-இல் எரிந்துபோனபோது உலகத்தில் மிஞ்சியது ஜப்பானில் ஒன்றுதான். அவ்வளவு குறுகலான தொழில் இது. ஓர் அச்சு ஏறத்தாழ ஆயிரம் தட்டு வரை தாங்கும். அதற்கு மேல் அழுத்தினால் ஒலி மழுங்கும்.

ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் சுமாரான அளவு. அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும், தவிலும் மிருதங்கமும் மெலிந்துவிடும். தட்டின் உள்விளிம்புக்கு அருகே ஊசி கடக்கும் தூரம் குறைவு என்பதால் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் கரகரக்கும். இது தட்டு என்ற வடிவத்தின் எல்லை. இதற்குச் சண்டை போட முடியாது.

துளை விலகுவது வேறு விஷயம். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். துளை 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 60 மில்லிமீட்டரில் இருக்கும் உள் பள்ளத்தில் ஸ்வரம் 1.7 சதவீதம் ஏறி அதே அளவு இறங்கும். ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள வித்தியாசமே ஏறத்தாழ 6 சதவீதம்தான். ஆக ஏற்ற இறக்கம் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டிவிடுகிறது. தாளமே பிரதானமான இசையில் இது அவ்வளவாக உறுத்தாது. சுருதியில் நின்று பிடிக்கிற நம் இசையில் தம்பூராவே தள்ளாடும். ‘வினைல்னா அப்படித்தான்’ என்ற பதில் இங்கே செல்லாது.

சோதிப்பது எளிது. தட்டு ஓடும்போது ஊசித்தண்டை மேலிருந்து பாருங்கள். இடவலமாக ஆடினால் துளை விலகல். மேலும் கீழும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. ஒரே இடத்தில் துணி கிழிவதுபோலச் சத்தம் வந்தால் வினைல் பள்ளத்தில் முழுதாக நிரம்பவில்லை. பொட்பொட்டென்ற சத்தம் மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். புதுத் தட்டிலும் தூசும் மின்னேற்றமும் இருக்கும், துடைத்துவிட்டுக் கேளுங்கள். 180 கிராம் என்ற எடையால் ஒலி உயர்வதில்லை. தபால்காரர் கைதான் கனக்கும். நிறத்தட்டும் அப்படித்தான்.

5

விலைக்கு வருவோம். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியம் 319 ரூபாய். என் தட்டு ஏறத்தாழ ஒன்பது நாள் உழைப்பு. அப்பாவிடம் பொய் சொன்னது இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்ததால்தான்.

விலை முழுவதும் கொள்ளை என்றும் சொல்லிவிட முடியாது. ஒலி தயாரிப்பு, வெட்டு, அச்சு ஆகியவற்றின் செலவு முன்னூறு தட்டுக்கும் மூவாயிரம் தட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறிய பதிப்பில் ஒவ்வொரு தட்டும் அதிகம் சுமக்கிறது. அதற்கு மேல் உரிமைத்தொகை, அட்டை, போக்குவரத்து, கடைக்காரர் பங்கு. நாம் நடத்தும் சிறுபத்திரிகைக்கும் இதே கணக்குத்தான். ஆனால் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று ஒட்டுகிற சீட்டு செலவைச் சேர்ந்தது அல்ல. அது பற்றாக்குறையை உற்பத்தி செய்வது. அடோர்னோ 1934-லேயே கவனித்தார்: தட்டு இசையை உடைமையாக்கக்கூடிய பொருளாக்குகிறது. இன்று பாட்டு கைபேசியில் சும்மா கிடைக்கும்போது, விற்க மிஞ்சுவது உடைமை மட்டும்தான். சீல் உடைக்காமலே தட்டை வைத்து விலையேறக் காத்திருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் துளை எங்கே இருந்தால் என்ன?

இந்தப் பணம் யாரைச் சேர்கிறது? அன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கிக்கொண்டு போன வாத்தியக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். என் தட்டில் ஆடுகிற அந்த நாகசுரம் யாருடையது என்று அட்டையில் எங்கும் இல்லை. 180 கிராம் என்று இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கிறது.

6

மறுபதிப்பு என்பது ஒரு தேர்வு. விற்றது மறுபடி விற்கும் என்று ஒரே சில படங்கள் திரும்பத்திரும்ப வருகின்றன. நாடக மேடைக் குரல்கள், நாகூர் ஹனிபாவின் கட்சிப் பாடல்கள், எங்கள் பக்கத்து ஒப்பாரியும் தெம்மாங்கும் வரிசையில் இல்லை. இத்தனைக்கும் நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள்தான். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை தனியாக நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1933-இல் மறைந்த கிட்டப்பாவின் பதிவுகள்மீது எந்தக் கம்பெனியும் இன்று ஒலிப்பதிவு உரிமை கோர முடியாது. நல்ல நிலையில் இருக்கும் தட்டுகளைத் தேடி, ஒழுங்காகப் பிரதியெடுத்து, எதிலிருந்து எடுத்தோம் என்பதை எழுதி வெளியிடுவது நம்மால் ஆகாத காரியமல்ல. வினைலில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒலியின் மூலம் எது என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். பொட்டலம் பிரிப்பதைக் கைபேசியில் படமெடுங்கள். வந்த அன்றே இரண்டு பக்கமும் முழுதாகக் கேளுங்கள். பலர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சேர்ந்து கேளுங்கள். தட்டுக்குப் பழைய மரியாதை அதுதான். மறுத்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

போன வாரம் அப்பா எலிவால் அரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். துளையைக் கொஞ்சம் ராவிப் பெரிசாக்கி, ஊசித்தண்டு ஆடாத இடமாகப் பார்த்துத் தட்டைத் தள்ளிவைப்பது மைக் செட்காரர் வைத்தியம். “கொண்டா, அஞ்சு நிமிஷ வேலை” என்றார். ராவிவிட்டால் பாட்டு சரியாகிவிடும். புகாருக்குச் சாட்சி போய்விடும். வேறு வழியில்லாமல் உண்மை விலையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அரத்தைக் காகிதத்தில் சுற்றினார். “ரெண்டாயிரத்து எண்ணூறா? அப்ப இதுல கை வைக்கக் கூடாது. கேஸப் போடு. ஜெயிச்சப்புறம் ராவிக்கலாம்.”

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘குறைபாட்டின் தன்மை’ என்ற இடத்தில் அப்பா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்: ஓட்டை நடுவில் இல்லை.