மலையகத்து முதியோரும் செய்நிரற் கல்வியும்

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே முன்னொரு காலத்தில் 'துண்டு' என்று ஒரு சிறு கடிதம் வழங்கி வந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளி இன்ன தொகைக்குக் கடன்பட்டவன். அக்கடன் தீர்க்கப்படின் அவனை விடுவிக்கத் தடையில்லை என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பதே அத்துண்டு. அதனைக் கையிலே கொண்டு மலையேறி இறங்கியவருள் மிகப் பலருக்கு அதில் எழுதியிருந்தது யாது என்று வாசிக்கத் தெரியாது. தொகை சரியோ பிழையோ, அவர்கள் அதைச் சுமந்தார்கள். அது அவர்களை ஆண்டது. 1921 ஆம் ஆண்டிலே சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது. துண்டு ஒழிந்தது, எனினும், தன் வாழ்வை ஆளும் எழுத்தைத் தான் வாசிக்க இயலாத துன்பம் அதனோடு முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இற்றைநாளில் அவ்வெழுத்து இடம் மாறியிருக்கின்றது. பல தோட்டங்களிலே கொழுந்து மின்னணுத் தராசில் நிறுக்கப்படுகின்றது. செக்ரோல் புத்தகத்தின் கணக்கு கணினிக்குச் சென்றுவிட்டது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோரிடமிருந்து 12 வீதமும் சேர்கின்றன. அக்கணக்கும் கணினியிலேயே உள்ளது. 2023 ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்தில், ஒரு குடும்பம் உதவிக்கு உரியதா அன்றா என்பது 22 அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் எழுந்தன. கணினியிடம் 'இவ்வாறு கணக்கிடு, இவ்வாறு தீர்மானி' என்று சொல்லி வைக்கும் கட்டளைத் தொகுதிக்குச் செய்நிரல் என்பது பெயர். அதனை எழுதும் கலையே செய்நிரலாக்கம்.

இக்கலையை எல்லோரும் கற்க வேண்டுமா? பாடசாலைப் பிள்ளைகள் மட்டுமோ, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து ஓய்வு பெற்ற முதியோருமோ? இவ்வினா இன்று உலகெங்கும் எழுகின்றது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலை ஆகிய பகுதிகளில் வாழும் மக்களுக்கு இது வேடிக்கை வினாவன்று.

எல்லோரும் கற்க வேண்டும் என்போர் கூறுவது யாது? எழுத்தும் எண்ணும் போலச் செய்நிரலும் ஓர் அடிப்படை அறிவு என்பது அவர்தம் கொள்கை. இங்கிலாந்திலே 2014 ஆம் ஆண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே கணினிக் கல்வி பாடத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. இலங்கையிலும் சாதாரண தர வகுப்பிற்குரிய தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே செய்நிரலாக்கம் ஓர் அலகாக உள்ளது.

வேண்டா என்போர் கூற்றும் தள்ளத்தக்கதன்று. மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் அனைவரும் அதன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட அறிந்திருக்க வேண்டுமோ? காலை முதல் மாலை வரை மலைச்சரிவில் நின்று, நனைந்த உடையோடு லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு ஓய்வே முதற்றேவை. வயது முதிர்ந்தவரை மீண்டும் மாணாக்கராக்கி நாணச் செய்தல் தகாது. மேலும், செய்நிரல் கற்றாற் செல்வம் குவியும் என்று ஆசை காட்டி, ஏழைப் பெற்றோரிடம் பணம் பறிப்போரும் உலகில் உளர். அந்த ஏமாற்றத்துக்கு மலையக மக்களை இரையாக்கலாகாது.

இவ்விரு கட்சியாரும் ஒன்றைப் பிரித்தறியத் தவறிவிடுகின்றனர். கணினியைப் பயன்படுத்துதல் ஒன்று. செய்நிரல் எவ்வாறு தீர்மானிக்கின்றது என விளங்கிக் கொள்ளுதல் மற்றொன்று. செய்நிரல் எழுதிப் பிழைத்தல் மூன்றாவது. மூன்றாவது ஒரு தொழில். அது சிலருக்கே உரியது. முதலாவது எல்லோருக்கும் வேண்டியது என்பதில் இன்று ஐயமில்லை. இடையில் நிற்கும் இரண்டாவதே ஆராயத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குக. ஒரு தோட்டத்தில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்பது விதி எனக் கொள்க. இதனைக் கணினிக்குச் சொல்பவர், 'நிறை 18 அல்லது அதற்கு மேல் ஆனால், முழுப்பேர் இடு' என்று எழுத வேண்டும். அவர் கவனக்குறைவால், 'நிறை 18 இலும் கூடினால், முழுப்பேர் இடு' என்று எழுதிவிட்டார் எனக் கொள்க. வேற்றுமை மிகச் சிறியது. ஆயினும் சரியாக 18 கிலோ பறித்த பெண்ணுக்கு அன்று அரைப்பேரே விழும். கணினி பொய் சொல்லவில்லை. தனக்குச் சொன்னதைச் செய்தது.

இன்னொன்று: தராசு 6 கிலோ 400 கிராம் காட்ட, செய்நிரல் கிராமை விட்டுவிட்டு 6 என்று பதிகின்றது எனக் கொள்க. நாளொன்றுக்கு மூன்று முறை நிறுத்தால், 1 கிலோ 200 கிராம் மறைந்துவிடும். இருபத்தைந்து வேலை நாட்களில் அது 30 கிலோ. கூடை கனக்கக் கனக்கச் சுமந்து வந்த கொழுந்து, ஒருவரும் திருடாமலே காணாமற் போய்விடும்! கொழுந்து மடுவத்திலே கணக்கப்பிள்ளை தவறாக எழுதினால், 'ஐயா, பிழையாகப் போட்டுவிட்டீர்கள்' என்று அவர் முகத்தை நோக்கிச் சொல்லலாம். 'கணினி அப்படித்தான் காட்டுகின்றது' என்று சொல்லப்படும்போது முறையிட எந்த முகமும் இல்லை. செய்நிரல் மனிதர் எழுதியது, மனிதராற் திருத்தப்படக் கூடியது என்று அறிந்தவர் மாத்திரமே அங்கே, 'அந்த விதியை எனக்கு எடுத்துக் கூறுங்கள்' என்று கேட்பார்.

முதியோர்க்கு இது இன்னும் நெருங்கிய விடயம். சேமலாப நிதிப் பணத்தைப் பெண்கள் 50 வயதிலும், ஆண்கள் 55 வயதிலும் பெறும் உரிமையுடையர். விண்ணப்பிக்கும் வேளையில், ஒரு பத்திரத்தில் 'மீனாட்சி' என்றும் மற்றொன்றில் 'மீனாச்சி' என்றும் பெயர் இருந்தால் அயலார்க்கு ஐயம் எழாது. இருவரும் ஒருவரே என்று ஊரே சொல்லும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் கணினிக்கோ அவர்கள் இரு வேறு மனிதர். இதனை முன்னரே அறிந்த முதியவர் தம் பத்திரங்களை உரிய காலத்தில் ஒத்துப் பார்த்துத் திருத்திக் கொள்வார். அறியாதவர் முதுமைக்காலத்தில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவார்.

ஆகவே, செய்நிரலின் உள்ளமைப்பைச் சிறிதளவேனும் அறிவது எல்லோருக்கும் வேண்டும் என்பது புலனாகின்றது. அதனை அறிய எளிய வழி, சிறியதொரு செய்நிரலைத் தானே எழுதிப் பார்ப்பதே. நீச்சலைக் கரையில் நின்று கேட்டறிதல் அரிது. முழங்காலளவு நீரில் இறங்கினாற் போதும்.

இதற்குக் கணித மேதை வேண்டும், ஆங்கிலப் புலமை வேண்டும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தைத் தீர்க்கும் வரலாறு தேயிலையோடே தொடர்புடையது. இலண்டனிலே தேநீர்க் கடைகளை நடத்தி வந்த லயன்ஸ் நிறுவனம், தன் கணக்குவழக்குகளுக்காக 'லியோ' என்னும் கணினியைத் தானே அமைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரின் கணினியை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்ட அது, 1951 ஆம் ஆண்டு நவம்பரில் வெதுப்பகக் கணக்கைச் செய்யத் தொடங்கியது. வணிக அலுவல்களைச் செய்த முதற்கணினி அதுவே. பின்னர் ஊழியர் சம்பளக் கணக்கும், தேநீர்க் கடைகளுக்கு வேண்டிய பொருள்களின் கணக்கும் அதன் வேலைகளாயின. அதற்குச் செய்நிரல் எழுத 1952 இற் சேர்ந்த மேரி கூம்ப்ஸ் அம்மையார் பல்கலைக்கழகத்தில் பயின்றது பிரெஞ்சு மொழி. மொழி கற்றவர், கடைக் கணக்கை அறிந்தவர் ஆகியோரே அத்துறையின் முன்னோடிகளாயினர். செய்நிரலுக்கு முதலில் வேண்டியது தெளிவாகச் சொல்லும் ஆற்றல். ஒழுங்கு தவறாது சிந்திக்கும் பழக்கம்.

ஆங்கிலம் என்னும் வேலியும் தாண்ட முடியாததன்று. முத்தையா அண்ணாமலை என்னும் தமிழர் 'எழில்' என்னும் செய்நிரல் மொழியைத் தமிழ்ச் சொற்களால் ஆக்கியுள்ளார். அதில் நிபந்தனையை முன்னர் எழுதி 'ஆனால்' என்று தொடர்தல் மரபு. மறுதலைக்கு 'இல்லை', நிறைவுக்கு 'முடி', எழுதிக் காட்டுவதற்குப் 'பதிப்பி' என்பன சொற்கள். 'நிறை பதினெட்டுக்குக் குறையாதது ஆனால் முழுப்பேர், இல்லை, அரைப்பேர், முடி' என்பது தமிழ்ப் பேச்சுக்கே உரிய நடையன்றோ! தொழில் உலகில் ஆங்கிலச் சொற்கள் கொண்ட மொழிகளே பெரிதும் வழங்குகின்றன என்பது உண்மை. எனினும் கருத்தை முதலில் தாய்மொழியிற் கற்றவர்க்குப் பின்னர் வேற்றுச் சொற்கள் பாரமாவதில்லை.

முதுமை தடையாகுமோ? யப்பானிலே மசாக்கோ வாக்காமியா என்னும் மூதாட்டி வங்கியிற் பணிபுரிந்தவர். அறுபது வயதை அணுகிய காலத்திலேதான் கணினி வாங்கினார். முதியோர் ஆடி மகிழத்தக்க கைத்தொலைபேசி விளையாட்டுகள் இல்லை என்பதைக் கண்டு, 2017 ஆம் ஆண்டில், தம் 81 ஆம் வயதில், யப்பானியரின் பொம்மைத் திருநாளை அடிப்படையாகக் கொண்டு ஒரு விளையாட்டுச் செய்நிரலைத் தாமே ஆக்கினார். எல்லா முதியோரும் அவ்வாறு ஆக வேண்டும் என்பதன்று. வயது ஒன்றையே காரணமாக்கிக் கதவை மூடலாகாது என்பதே இதன் பொருள்.

அக்கதவு சிற்சில இடங்களில் அறியாமலே மூடப்படுகின்றது. இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை அளக்கும்போது 5 முதல் 69 வயது வரையுள்ளோரையே கணக்கிற் கொள்கின்றது. கணினியைத் தாமாகவே இயக்கக் கூடியவர் கணினி அறிவுடையவர் என்பது அதன் வரையறை. கணினியில் விளையாடத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் அடங்கும். இவ்வளவு தாராளமான அளவுகோலிலும் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று துறைகளுள் தோட்டத்துறை கடைசியிலே நின்று வந்துள்ளது. எழுபது வயதைக் கடந்தவரோ அக்கணக்கிலேயே இல்லை.

இவ்வாறு பின்தங்கியதன் காரணம் மக்களின் மந்தமன்று. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துச் சிறார்க்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே கிடந்தன. 1977 ஆம் ஆண்டு முதலே அரசாங்கம் அவற்றை முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று முதியோராய் இருப்போரிற் பலர், கற்க வேண்டிய வயதில் வகுப்பறையைக் கண்டிராதவர். அவர்களுக்குக் கல்வி அளிப்பது தர்மமன்று. தாமதமாய்த் தீர்க்கப்படும் கடன்.

ஆயின், செய்யத்தக்கது யாது? கட்டாயம் கூடாது, வாய்ப்பு வேண்டும். எழுத்தறியாதார்க்கு முதலில் எழுத்தும் எண்ணும். அடுத்துக் கைத்தொலைபேசியும் வங்கி அட்டையும் பிறர் உதவியின்றிப் பயன்படுத்தும் பழக்கம். அதன்பின் ஓய்வு நாளில் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ பேரப்பிள்ளையோடு ஒரே மேசையில் அமர்ந்து, சம்பளச் சீட்டின் கணக்கைச் சிறு செய்நிரலாக எழுதிப் பார்த்தல். இங்கே ஆசிரியர் யார், மாணவர் யார் என்று சொல்வது எளிதன்று. பிள்ளைக்குக் கணினி தெரியும். பாட்டிக்கே விதி தெரியும். அரைப்பேர் எப்போது விழும், மேலதிகக் கிலோவுக்கு என்ன கிடைக்கும், மழைநாளிற் கொழுந்தின் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பர் என்பவற்றை நாற்பது ஆண்டு அனுபவித்து அறிந்தவர் அவரே. அவர் வாய்திறந்து சொன்னாலன்றிப் பிள்ளையின் செய்நிரல் சரியாகாது. அது சரியாக அமைந்த அன்றே, கையிலுள்ள சம்பளச் சீட்டையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வானொலிக்கும் இதிற் பங்குண்டு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1980 களின் தொடக்கத்தில், பொதுமக்களுக்குக் கணினியறிவு ஊட்டும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தி, அதற்கென ஒரு கணினியையும் தன் பெயராலே வெளியிடச் செய்தது. ஒல்லாந்து நாட்டிலோ, செய்நிரல்களை ஒலியாக மாற்றி வானொலியிலேயே ஒலிபரப்பினர். நேயர்கள் ஒலிநாடாவிற் பதிந்து தம் கணினியில் இட்டு இயக்கினர். லயத்தின் மூலையிலும் சென்று ஒலிக்கும் வானொலி, தமிழில் இப்பாடங்களைச் சொல்லித் தருவது இயலாத செயலன்று.

மலையகத்தார் எல்லோரும் செய்நிரலாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால், தன் கூலியையும், சேமிப்பையும், பெறவேண்டிய உதவியையும் தீர்மானிக்கும் விதி எங்கே எழுதப்பட்டுள்ளது, அதனைத் திருத்தும்படி யாரிடம் கேட்பது என்பன எல்லோரும் அறிய வேண்டியவை. வாசிக்கத் தெரியாத துண்டைச் சுமந்து சென்றவரின் பேரரும் பூட்டரும், வாசிக்க இயலாத மற்றொரு துண்டைச் சுமத்தல் ஆகாது.