பைத்தான் மொழியிலேயே 'பக்' இருந்தா என்ன பண்றது? யாரிடம் சொல்வது, திருத்தம் அனுப்புவது எப்படி? - எளிய விளக்கம்

பிளஸ் 2 கணினி அறிவியல் புத்தகத்தில் தொடங்கி ஐ.டி. கம்பெனிகள், ஆராய்ச்சிக் கூடங்கள் வரை எங்கும் பைத்தான்தான். நாம எழுதின கோடு ஓடலைன்னா, தப்பு பெரும்பாலும் நம்ம பக்கம்தான் இருக்கும். ஆனால் சில நேரம் தப்பு பைத்தானிலேயே இருக்கும். அப்போ யாரிடம் போய்ச் சொல்வது? கஸ்டமர் கேர் நம்பர் எதுவும் கிடையாது. ஆனால் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய கதவு ஒன்று இருக்கிறது.

பைத்தானுக்கு யார் பொறுப்பு?

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989 இறுதியில் எழுதத் தொடங்கி, 1991-ல் வெளியிட்ட மொழி இது. 2018-ல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட குழு வழிநடத்துகிறது. பைத்தானின் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் 'சிபைத்தான்' என்ற பெயரில் இருக்கிறது. யாரும் படிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் பிழைகளைப் பதிவு செய்வதும் அங்கேதான். அவற்றைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

முதலில், அது பக் தானா?

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' மூலம் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. நமக்குத் தெரிந்து த, மி, ழ் என மூணு எழுத்துதானே? ஆனால் பைத்தான் எண்ணுவது நம் இலக்கண எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீடுகளை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என மொத்தம் ஐந்து. ஆக, இது பக் இல்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதும் அப்படித்தான். கணினி தசம எண்களைச் சேமிக்கும் முறை அது. எனவே, ஆவணத்தில் சொன்னதற்கு மாறாக நடக்கிறதா என்று முதலில் பாருங்க.

ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

* ஏற்கெனவே யாராவது இதைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.
* பிழையை வரவழைக்கும் மிகச் சிறிய கோடைக் கொடுங்கள். 500 வரி புரோகிராமை அப்படியே ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஐந்து வரி போதும்.
* என்ன வரும் என எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று தனித்தனியாக எழுதுங்கள்.
* பைத்தான் பதிப்பு எண், விண்டோஸா லினக்ஸா என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஹேக்கர்கள் பயன்படுத்தக்கூடிய ஓட்டையாக இருந்தால் மட்டும் பொதுவில் போடாதீங்க. அதற்கென இருக்கும் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக மெயில் அனுப்ப வேண்டும்.

சொன்னதும் சரியாகிவிடுமா?

எப்போதும் இல்லை. 'டார்ஃபைல்' கதையே உதாரணம். டார் வகைத் தொகுப்புக் கோப்புகளைப் பிரிக்க உதவும் பைத்தான் பகுதி இது. விஷமமாகத் தயாரித்த ஒரு தொகுப்பைப் பிரித்தால், நாம் சொன்ன ஃபோல்டரைத் தாண்டி வேறு இடத்தில் உள்ள கோப்புகளையும் அது மாற்றி எழுதிவிட முடியும். 2007-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 'டார் கோப்புகள் இயங்கும் விதமே இதுதான்' என்று கருதி, ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை வாசகம் மட்டும் சேர்க்கப்பட்டது.

2022-ல் டிரெல்லிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதே ஓட்டையை மீண்டும் கிளப்பியது. அடுத்த ஆண்டு முறையான மாற்றத் திட்டம் எழுதப்பட்டு, 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் பாதுகாப்பு வடிகட்டி சேர்ந்தது. ஆனால் கேட்டால்தான் அது வேலை செய்யும். தானாகவே இயங்கும்படி மாறியது 2025 அக்டோபரில் வந்த 3.14-ல்தான். ஏன் இவ்வளவு நிதானம்? ஒரே நாளில் மாற்றினால், பழைய முறையை நம்பி ஓடும் புரோகிராம்கள் உடைந்துவிடும். முதல் புகாரிலிருந்து கணக்குப் போட்டால் 18 வருஷம்!

நாமே திருத்தம் அனுப்பலாமா?

தாராளமா அனுப்பலாம். வேலை இப்படித்தான் நகரும்:

1. சிபைத்தானை உங்கள் கிட்ஹப் கணக்கில் நகல் எடுத்து, கணினியில் பில்ட் செய்ய வேண்டும்.
2. திருத்தத்தோடு ஒரு டெஸ்ட்டும் எழுத வேண்டும். திருத்தத்துக்கு முன் அது தோற்க வேண்டும், பின் ஜெயிக்க வேண்டும்.
3. என்ன மாறியது என்று ஓரிரு வரியில் செய்திக் குறிப்பு சேர்த்து, 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்ப வேண்டும். முதல் முறை என்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்திட வேண்டும்.
4. மைய டெவலப்பர் ஒருவர் படித்துப் பார்ப்பார், கேள்வி கேட்பார். சில நேரம் 'வேண்டாம்' என்றும் சொல்வார்.
5. ஒப்புக்கொண்டால் முதன்மைக் கிளையில் சேரும். பிழைத்திருத்தமாக இருந்தால், பராமரிப்பில் உள்ள முந்தைய பதிப்புகளுக்கும் போகும்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையா? மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம், தப்பில்லை. தேங்கிக் கிடக்கும் திருத்தங்களைப் பார்ப்பது உள்ளிட்ட வேலைகளுக்காகவே பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2021-ல் முழுநேர டெவலப்பர் ஒருவரை நியமித்தது.

சி மொழி தெரியாதே, என்ன பண்றது?

கவலை வேண்டாம். பைத்தானோடு வரும் நூலகங்களில் பெரும்பகுதி பைத்தானிலேயே எழுதப்பட்டது. ஆவணத்தில் புரியாத வாக்கியத்தைச் சரிசெய்வதும் பங்களிப்புதான். 'ஈஸி' என்று குறியிட்ட பிழைகளில் தொடங்கலாம். இன்னொருவர் சொன்ன பிழை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று சோதித்து, விவரத்தோடு பதில் போட்டால் அதுவும் உதவிதான்.

அடுத்த முறை பைத்தான் விசித்திரமாக ஏதாவது செய்தால், திட்டிவிட்டு நகராதீங்க. அந்த ஐந்து வரிக் கோடை எழுதிப் பதிவு செய்யுங்கள். 2007-ல் போட்ட புகார்தான், தாமதமானாலும், இன்று பைத்தான் 3.14 பயன்படுத்துவோரின் கோப்புகளைக் காப்பாற்றுகிறது.