மூச்சிழுப்பும் கைத்தொலைபேசியும்



ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால், பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் உள்ள தோட்டத்து லயங்களில் இரவுகள் நீண்டுவிடும். நமுனுகுல மலை மேகத்தினுள் மறைந்திருக்கும். காம்பராச் சுவரில் ஈரம் ஊறியிருக்கும். காயாத விறகு அடுப்பிற் புகைந்துகொண்டிருக்கும். இவற்றிடையே ஒரு பிள்ளை படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிக்கும். இந்நோயை வைத்தியர்கள் ஆஸ்துமா என்பர். தொய்வு என்பாரும் உளர். நம் தாய்மார் இழுப்பு என்றே சொல்லி வருகின்றனர்.

இதற்குரிய மருந்து இருவகைப்படும். ஒன்று, பெரும்பாலும் நீலநிறப் பம்பில் வரும் சல்பியூட்டமோல். சுருங்கிய மூச்சுக்குழாயை அது சில நிமிடங்களில் விரித்துவிடும். மற்றொன்று, பெக்ளோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. குழாயின் உட்புறத்து வீக்கத்தை நாளடைவில் தணித்து, இழுப்பு வராமற் காப்பது இதன் தொழில். (நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆதலால் மருந்தின் பெயரையும் பார்த்து வைத்துக்கொள்வது நன்று.)

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. நீலப் பம்பைக் கொடுத்தவுடன் பிள்ளை எழுந்து விளையாடுவதால் தாய் அதனை நம்புகிறாள். தடுப்பு மருந்தோ உடனே ஒன்றும் செய்வதாகத் தெரிவதில்லை. பிள்ளை சுகமாயிருக்கும் நாட்களில் அது அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும். அந்தச் சுகமே அம்மருந்தினால் வந்தது என்பதைக் கண்ணாற் காட்ட வழியில்லை.

இம்மறதி நமக்கு மட்டும் உரியதன்று. நியூசிலாந்தின் ஓக்லந்து நகரில் 6 முதல் 15 வயது வரையுள்ள 220 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எல்லோருடைய பம்பிலும், மருந்தெடுத்த வேளையைத் தானே பதியும் சிறு கருவி பொருத்தப்பட்டது. அவர்களுள் ஒரு பாதியினருக்கு மட்டும் அக்கருவி வேளை தவறாது ஒலியெழுப்பி நினைவூட்டியது. ஒலி கேட்ட பிள்ளைகள் உரிய தவணைகளில் நூற்றுக்கு 84 பங்கை எடுத்திருந்தனர். கேளாதவர்கள் எடுத்ததோ நூற்றுக்கு 30 பங்கே. பள்ளிக்கு வராத நாட்களில் இரு பகுதியாருக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மறையாது சொல்ல வேண்டும். மணியொலி எல்லாவற்றையும் மாற்றிவிடுவதில்லை.

இன்று அவ்வேலையைக் கைத்தொலைபேசியிலுள்ள செயலிகள் செய்கின்றன. வேளைக்கு மணியடிக்கின்றன, இழுப்பு வந்த இரவுகளைக் குறித்துவைக்கின்றன, எஞ்சிய மருந்தையும் கணக்கிடுகின்றன. கடைசியாகச் சொன்ன இது சிறு காரியமன்று. 200 தடவைக்குரிய பம்பில் காலை இரண்டு, இரவு இரண்டு என எடுத்தால் 50 நாளில் மருந்து தீரும். தீர்ந்த பின்னும் பம்பிலிருந்து காற்றுச் சீறிக்கொண்டிருக்கும். அதை மருந்தென்று நம்பி ஏமாறுவோர் பலர்.

ஆனால் அந்த மணி எங்கே ஒலிக்கிறது? விடியலில் தாய் பெரட்டுக்குப் போய்விடுகிறாள். தந்தை கொழும்பில் ஒரு கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார்; வீட்டுக்கு வாங்கிய ஒரே நல்ல தொலைபேசியும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. பிள்ளைக்குப் பம்பு கொடுப்பவர் பாட்டி. செயலிகளிற் பெரும்பாலானவையோ ஆங்கிலத்திற் பேசுகின்றன. பசறையிற் கேட்க வேண்டிய மணி கொழும்பில் கேட்கிறது.

ஆகவே விலையுயர்ந்த செயலியைத் தேடுவதினும், வீட்டில் எப்போதும் இருக்கும் பொத்தான் தொலைபேசியில் ஒரு மணியை அமைப்பது மேல் என்பேன். பல் துலக்குவதற்குச் சற்று முன் அது ஒலிக்கட்டும். பம்பை எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்வதும் அதனோடு நிறைவேறிவிடும். கொப்பளியாவிடின் வாயில் வெண்புண் வரக்கூடும். இரவுத் தவணைக்குக் கொழும்பிலுள்ள தந்தையே மணியாகலாம். எப்படியும் வீட்டுக்குப் பேசுகிறவர், படம் தெரியும் அழைப்பில், “பம்பை எடு மகனே, அப்பா பார்க்கிறேன்” என்று சொன்னால் அதற்கு நிகரான செயலி ஏது? இதற்கு அக்கம்பக்கத்தார் ஒருவரின் தொலைபேசியை இரவல் வாங்கினாலும் போதும்.

ஒன்று கவனிக்க வேண்டும். எடுத்தாயிற்று என்று பொத்தானை அழுத்தினால் செயலி நம்பிவிடும். மருந்து நெஞ்சுக்குள் போனதா, நாக்கிலேயே தங்கிற்றா என்பதை அது அறியாது. சிறு பிள்ளைக்கு ஸ்பேசர் எனும் இடைக்குழல் அவசியம். அது கிடையாதவிடத்து, 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியிற் பம்பின் வாய் இறுகப் பொருந்துமாறு துளையிட்டுப் பயன்படுத்தலாம். இழுப்பு வந்த பிள்ளைகளுக்கு நீலப் பம்பின் மருந்தைக் கொடுப்பதில் அது கடையில் விற்கும் குழலுக்குக் குறைந்ததன்று எனத் தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999இல் காட்டினர். கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டும்படி கேட்டால் தாதியர் காட்டுவர்.

நீலப் பம்பைக் கொடுத்தும் பிள்ளை பேச முடியாமல் திணறினாலோ, விலா உட்குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தொலைபேசிக்கு அப்பொழுது வேலை ஒன்றே: 1990 என்ற இலக்கத்தை அழைப்பது. 2016இல் தொடங்கிய இவ்விலவச அம்புலன்ஸ் சேவை இன்று ஊவாவிலும் உண்டு. அழைப்பவர் தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும் லயத்தின் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். மேற்பிரிவுக்கு ஒரு பாதையும் கீழ்ப்பிரிவுக்கு வேறொரு பாதையும் உள்ள தோட்டங்கள் நம் பக்கத்தில் பல. வண்டி வரும்வரை பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, அடுப்புப் புகையிலிருந்து அப்பாற் கொண்டுபோய், கிளினிக்கில் சொல்லிக் கொடுத்த அளவில் நீலப் பம்பை இடைக்குழல் வழியே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.