சோளகக் காற்றைத் தணிக்கும் பச்சை வேலி

வைகாசி மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சோளகக் காற்று வீசத் தொடங்குகிறது. தென்மேற்கிலிருந்து வரும் இக்காற்று புரட்டாசி வரை நீடிக்கும். கிணற்று நீரை இறைத்து மிளகாய், வெண்காயம், கத்தரி முதலியவற்றைப் பயிரிடுங் காலமும் இதுவேயாகும். காற்று மண்ணின் ஈரத்தை விரைவில் உலர்த்துகிறது. இளங் கன்றுகளை அலைக்கிறது. பூவையும் பிஞ்சையும் உதிர்க்கிறது. இறைத்த நீரில் ஒரு பங்கு இவ்வாறு வீணாகிறது. ஆகவே தோட்டத்தின் தெற்கு, மேற்கு எல்லைகளில் நல்ல மறைப்பு அவசியம்.

மதிலா, வேலியா?

வேலியை அகற்றிச் சீமெந்து மதில் கட்டுவோர் இன்று பலர். மதில் மனைக்குக் காவலாகும். பயிருக்கு ஏற்ற காற்றுத்தடை ஆகாது. முற்றாக அடைபட்ட சுவரில் மோதுங் காற்று மேலெழுந்து மறுபுறத்திற் சுழன்று இறங்கும். இலை அடர்ந்த வேலி காற்றில் ஒரு பகுதியை ஊடே விட்டு அதன் வேகத்தைத் தணிக்கிறது. அதன் பயன் வேலியின் உயரத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்கு எட்டும். 6 அடி வேலி 60 அடி வரையுள்ள பயிருக்கு உதவும்.

ஏற்ற மரங்கள்

கிளுவை எளிதில் வேர்கொள்ளும்; எனினும் கோடையில் இலையுதிர்க்கும். காற்று வலுக்கும்போது வெறுந் தடியாக நிற்கும் வேலியாற் பயன் குறைவு. எனவே ஆண்டு முழுவதும் பசுமையாயிருக்கும் பூவரசை அதனுடன் கலந்து நடுதல் நன்று. சீமைக்கிளுவையை முறையாக வெட்டிவந்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். முள்முருக்கை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அதன் இலையிலும் தளிரிலும் முடிச்சுகளை உண்டாக்கும் ஒரு சிறு குளவி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிய நாடுகள் பலவற்றிற் பரவியது. கடலோர மணல் நிலத்துக்குச் சவுக்கு ஏற்றது. பார்வைக்கு ஊசியிலை மரம் போன்றதாயினும் அது பூக்குந் தாவரமே. காரைநகரின் கசூரினாக் கடற்கரை இம்மரத்தாற் பெயர் பெற்றது.

நடும் முறை

முற்றிய கிளைகளிலிருந்து 5 அல்லது 6 அடி நீளமான கதியால்களை வெட்டுக. கிளுவைக் கதியாலைச் சில நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் நடுதல் நன்று; அழுகல் குறையும். ஐப்பசி மழை தொடங்குங் காலம் நடுகைக்கு உகந்தது. கற்பாங்கான நிலத்தில் அலவாங்கினாற் குழி தோண்டி, ஒன்றரை அடி ஆழத்தில், ஓரடிக்கு ஒன்றாக நாட்டி, மண்ணை நன்கு இறுக்குக. அடிப்பக்கம் மண்ணுள் இருத்தல் வேண்டும். தலைகீழாக நட்டால் பிழைப்பது அரிது. வேலி அடரும் வரை பனையோலை கட்டி மறைப்புச் செய்யலாம்.

வேலி தரும் பசளை

வேலிக் குழையை மண்ணில் தாழ்ப்பது குடாநாட்டுக் கமக்காரரின் பழைய வழக்கம். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது இதன் அருமை மீண்டும் உணரப்பட்டது. சீமைக்கிளுவையின் உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் நைதரசன் உண்டு. விதைப்புக்கு முன் வயலில் உழுது புதைக்கலாம். மரக்கறிப் பாத்திகளிற் சாலிட்டு மூடலாம். குழை தாழ்த்திய அளவுக்கு யூரியாவைக் குறைத்தல் வேண்டும். மிகையான நைதரசன் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கிக் குடிக்குங் கிணற்று நீரையே கெடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

வெண்டியைப் பூவரசுக்கு அருகில் நடலாகாது; இரண்டும் ஒரே குடும்பத்தவையாதலால் பூவரசிலுள்ள செம்பருத்திப் பூச்சி வெண்டிக்கும் தாவும். நிழல் பயிரில் விழாதவாறு கிளைகளை வெட்டுக. ஆனால் சோளகம் வீசுங்கால் முழு வேலியையும் ஒரே தடவையில் மொட்டையாக்காது, பகுதி பகுதியாக வெட்டுதல் வேண்டும். மதிலுக்குச் செலவு உண்டு, விளைவு இல்லை. பச்சை வேலியோ காற்றைத் தணித்து, ஆட்டுக்குத் தீனியும் நிலத்துக்குப் பசளையும் ஆண்டுதோறும் அளிக்கும்.