வயலை அளந்த பின்னரே விதி வகுக்கப்பட வேண்டும்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசப்படும்போது தொழிற்சாலைகளும் வாகனங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் எமது நெல்வயல்களும் அக்கணக்கில் அடங்குகின்றன. நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போக, நுண்ணங்கிகள் மெதேன் வாயுவை உருவாக்குகின்றன. யூரியா போன்ற பசளைகளிலுள்ள நைதரசனின் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக வெளியேறுகின்றது. நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 27 மடங்கும், நைதரசு ஒட்சைட்டு 273 மடங்கும் வெப்பமூட்டக் கூடியவை.

இவற்றை எவ்வாறு அளப்பது? அடிப்புறம் திறந்த பெட்டியொன்றைப் பயிரின் மீது கவிழ்த்து, குறித்த நிமிட இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை எடுத்து ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பது ஒரு முறையாகும். போகம் முழுவதும் இது தொடரப்பட வேண்டும். எல்லா வயல்களிலும் இதனைச் செய்ய முடியாதென்பதால் மண், மழை, வெப்பநிலை, பசளை பற்றிய தரவுகளைக் கொண்டு கணினி மாதிரிகள் மூலம் மதிப்பிடப்படுகின்றது. உள்ளூர் அளவீடு இல்லாதவிடத்து, காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழுவின் பொதுப் பெறுமானங்களே கையாளப்படுகின்றன.

தொடர்ந்து நீர் தேங்கும் வயலொன்று ஹெக்டெயருக்கு நாளொன்றில் 1.30 கிலோகிராம் மெதேனை வெளியிடுவதாக அக்குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கொண்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தெற்காசியாவுக்கு அதனை 0.85 என நிர்ணயித்தது. வயலில் எம்மாற்றமும் நிகழாமலேயே கணக்கில் மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டது. பொதுப் பெறுமானத்தை மாத்திரம் நம்பிக் கொள்கை வகுப்பதிலுள்ள ஆபத்தை இது உணர்த்துகின்றது.

வயலை இடையிடையே உலரவிட்டு நீர் பாய்ச்சினால் மெதேன் குறையும். ஆனால், நைதரசு ஒட்சைட்டு அதிகரிக்கக் கூடும். ஒன்றை அளந்து மற்றொன்றை விட்டுவிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். அதேபோன்று, இரணைமடுக் குளத்து நீரில் விளையும் வயலுக்கும் வானம் பார்த்த வயலுக்கும் ஒரே பெறுமானம் பொருந்தப் போவதில்லை.

போதிய ஆயத்தமின்றி எடுக்கப்படும் தீர்மானங்களின் விளைவை நாம் அறிவோம். 2021 மே மாதம் விதிக்கப்பட்ட இரசாயனப் பசளை இறக்குமதித் தடை அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்ட போதிலும், அப்பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ச்சியை விவசாயிகளே சுமக்க நேர்ந்தது. நாளை வாயுக் குறைப்பின் பெயரால் நீருக்கோ பசளைக்கோ கட்டுப்பாடு வருமாயின், அதற்கு முன்னர் அம்பாறை, மட்டக்களப்பு, கிளிநொச்சி மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் விவசாயிகளது வயல்களிலும் இரு போகங்களிலும் அளவீடுகள் மேற்கொள்ளப்பட வேண்டும். அதன் முடிவுகள் அவர்களுக்குத் தமிழில் அறிவிக்கப்படவும் வேண்டும். சம்பந்தப்பட்டோர் இதில் உரிய கவனம் செலுத்துவது அவசியமென நாம் வலியுறுத்துகின்றோம்.