கீறல் பட்ட கவசம்

சைக்கிளின் கைப்பிடித் தண்டு புதிதில் கண்ணாடிபோல் மின்னும். சில மழைக்காலங்கள் சென்றபின், பூட்டுச் சங்கிலி உரசும் இடத்தில் பழுப்புப் புள்ளிகள் தலைகாட்டும். குழாயடிச் சிமென்டுத் தரையில் தினமும் இழுபடும் துத்தநாகம் பூசிய வாளியைப் பாருங்கள். உடம்பெல்லாம் கீறல், ஆயினும் எளிதில் துருப்பிடிப்பதில்லை. இரண்டினுள்ளும் இருப்பது எஃகுதான். தண்டின் மேலுள்ள குரோமியமோ துத்தநாகத்தைவிட மிகக் கடினமானது. கடினமான கவசம் தோற்க, மென்மையான கவசம் காப்பது எப்படி?

முதலில் கீறலைக் கவனிப்போம். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் மணலின் எண் 7; துத்தநாகத்தின் எண் 2.5. ஆகவே மணல் துகள் துத்தநாகத்தை ஏர்போல் உழுது செல்கிறது. சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவதுபோல் உலோகமும் ஒதுங்குகிறது. முதல் கீறலில் பெயர்ந்து விழுவது சிறிதளவே. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கீறினால், ஒதுங்கிய விளிம்புகள் இப்படியும் அப்படியும் வளைகின்றன. கம்பியைப் பலமுறை வளைத்தால் ஒடிவதுபோல அவையும் ஒடிந்து துகள்களாகின்றன. அத்துகள்கள் இடையில் சிக்கி மேலும் தேய்க்கின்றன.

1953-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ச்சர்ட் ஒரு விதியை வெளியிட்டார். தேய்வு, பளுவுக்கும் உராய்ந்த தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், கடினத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது அது. இதன்படி குரோமியமே வெல்ல வேண்டும். ஆனால் பூச்சு தனியாக நிற்பதில்லை. அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

அழகுக்காகப் பூசும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான் கனம்கூட இராது. (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் எஃகு. இரண்டும் குரோமியத்தைவிட மென்மையானவை. சோற்றின் மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்துங்கள். சோறு அமுங்கும், வளையத் தெரியாத அப்பளம் நொறுங்கும். குரோமியத்தின் கதியும் அதுவே. ஒவ்வொரு உரசலிலும் விரிசல்கள் நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் செதிலாய்ப் பெயர்கின்றன. உரசல் தொடர்ந்தால் நிக்கலும் அறுபடும்.

துத்தநாகத்தின் கதை வேறு. உருகிய துத்தநாகத்தில் எஃகை முக்கும்போது, இரண்டும் கலந்த உலோகக் கலவை அடுக்குகள் இடையில் உருவாகின்றன. அதனால் பிடிப்பு உறுதியாகிறது. பூச்சின் கனமும் பல பத்து மைக்ரான் இருக்கும்.

கீறல் எஃகை எட்டிவிட்டால்? அப்போது வேதியியல் கைகொடுக்கிறது. ஈரம் பட்டதும் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. நியம மின்வாய் அழுத்தம் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, நிக்கலுக்கு −0.25. எதிர்க்குறியில் மிகுந்த உலோகமே கரையும். வாளியில் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. தண்டிலோ நிக்கல் தப்ப, இரும்பு கரைகிறது. அதுவும் குண்டூசி முனையளவு இடத்திலேயே கரைவதால், குழி விரைவில் ஆழமாகிறது. வாளியிலும் துத்தநாகம் அகன்ற இடத்தில் தீர்ந்துவிட்டால் காவல் முடிந்தது.

நீங்களே சோதிக்கலாம். துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றை அரத்தால் ஓரிடத்தில் கீறுங்கள். பூச்சற்ற இரும்பு ஆணி ஒன்றில் செம்புக் கம்பியைச் சுற்றுங்கள். தனித்தனி உப்புநீரில் இட்டுச் சில நாட்கள் கவனியுங்கள். எதில் முதலில் பழுப்பு நிறம் தோன்றுகிறது? ஏன்?

இனி சைக்கிளைத் துடைக்குமுன் மணலையும் தூசியையும் நீர்விட்டுக் கழுவுங்கள். மணலோடு சேர்த்துத் துடைக்கும் துணியும் ஓர் அரமே!