மாறும் ஆறும் குடியேறிய மீனும்

ஆற்றங்கரையில் வாழ்வோர் தம் ஆற்றைப் பற்றிப் பேசும்போது, அஃது என்றும் அவ்வாறே இருந்துவந்தது போலப் பேசுதல் வழக்கம். பாட்டன் நீராடிய துறை, தந்தை தூண்டிலிட்ட மடு, மாடுகள் இறங்கும் கடவை என்று ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பெயர் இருக்கும். பெயர் நிலைத்திருப்பதனால் இடமும் நிலைத்திருக்கிறதென்று மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால், ஆற்றை ஆண்டுதோறும் அளந்து பார்த்தவர்கள் கண்ட உண்மை வேறு. அவர்கள் அளந்த ஆறுகளுள் சில அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், அப்பலேச்சிய மலைகளிலிருந்து இறங்கிச் செசப்பீக் விரிகுடாவை அடைகின்றன. பொட்டோமக் ஆறும் சஸ்குவஹன்னா ஆறும் அவற்றுள் பெரியவை. அந்நாட்டுத் தலைநகராகிய வாஷிங்டன் பொட்டோமக் கரையிலேயே அமைந்துள்ளது. இவ்விரண்டு ஆறுகளிலும் தூண்டிலிடுவோர் மிக விரும்பித் தேடுவது சிறுவாய்ப் பாஸ் என்னும் மீனை. அம்மீனின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் ஆற்றின் வரலாறும் ஒருவாறு புலப்படும்.

வெண்கல நிறமும், உடலின் இருபுறத்தும் மேலிருந்து கீழாக இறங்கும் கரும்பட்டைகளும், செந்நிறக் கண்ணும் உடையது இம்மீன். தூண்டிலில் அகப்பட்டால் நீர்மட்டத்திற்கு மேலே துள்ளிப் பாய்ந்து போராடும். இரண்டு இறாத்தல் நிறையுள்ள மீனை இழுத்தெடுப்பதற்குள் பழகிய கையும் களைத்துவிடும் என்பர். இதற்கு விஞ்ஞானப் பெயர் அமைந்த விதம் விந்தையானது. பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேட், 1802ஆம் ஆண்டில், தமக்குக் கிடைத்த ஒரு மீனைப் பார்த்து இதனை விவரித்தார். அம்மீனின் முதுகுச் செட்டை சேதமுற்று, அதன் பின்பகுதி தனித்த சிறு செட்டை போலக் காணப்பட்டது. அதுவே இவ்வினத்தின் இயல்பென்று கருதிய அவர், சிறிய செட்டையுடையது என்று பொருள்படும் மைக்ரோப்டிரஸ் என்னும் பெயரைச் சூட்டினார். ஊனமுற்ற ஒரு மீனின் பெயரை இன்று அவ்வினம் முழுவதும் சுமந்து திரிகிறது.

இம்மீனைத் தம் ஆற்றின் செல்வமென்று பொட்டோமக் கரையினர் பெருமையோடு கூறுவர். ஆனால் 1854ஆம் ஆண்டிற்கு முன்னர் அவ்வாற்றில் இம்மீன் இருந்ததில்லை. அதன் தாயகம் மலைத்தொடருக்கு மேற்கேயுள்ள ஒகையோ ஆறும், மேல் மிசிசிப்பியும், வடக்கேயுள்ள பேரேரிகளுமாகும். மீன் மலையைக் கடந்து வர இயலாது. ஆனால் புகையிரதம் கடந்து வந்தது. பால்ட்டிமோர் நகரிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1853இல் ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் நகரை எட்டியது. அடுத்த ஆண்டே ஷ்ரைவர் என்னும் தளபதி, அவ்வூர்ப் பக்கத்து ஓடையிற் பிடித்த முப்பது பாஸ் மீன்களைத் துளையிட்ட வாளியொன்றில் இட்டு, அவ்வாளியைப் புகையிரத யந்திரத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவைத்தார். வழியில் யந்திரத்துக்குத் தண்ணீர் நிரப்பும்போதெல்லாம் மீனுக்கும் புதுநீர் கிடைத்தது. மலைக்கு இப்பாலுள்ள கம்பர்லாந்து நகரை அடைந்ததும் அவை அங்குள்ள கால்வாயில் விடப்பட்டன. அக்கால்வாய் பொட்டோமக் ஆற்றை ஒட்டியே சென்று, அவ்வாற்று நீரையே உண்டு வாழ்வது. கால்வாயிலிருந்து ஆற்றுக்குள் புகுந்த மீன்கள் அங்கு பெருகின.

ஒரு நாட்டில் இல்லாத மீனை அங்கே கொண்டுவந்து விடுவது அக்காலத்தில் நற்பணியாகவே கருதப்பட்டது. இலங்கையின் குளங்களில் இன்று பெருவாரியாகப் பிடிக்கப்படும் திலாப்பியாவும் 1952இல் இத்தீவுக்கு வந்து சேர்ந்த ஆபிரிக்க மீனே; அது பலருடைய உணவாகவும் தொழிலாகவும் ஆகிவிட்டமை நேயர்கள் அறிந்தது. பொட்டோமக்கிலோ வந்த மீனுக்குப் புகழ் சேர்ந்த அளவிற்கு, அதன் வாயில் அகப்பட்ட பழைய சிறுமீன்களைப் பற்றிய கவலை எழவில்லை.

இனி, மீனைத் தேடுவோன் எங்கே தூண்டிலிடுகிறான் என்று பார்ப்போம். இயல்பாக ஓடும் ஆற்றில் இரண்டு வகையான இடங்கள் மாறிமாறி வரும். ஒன்று, பருக்கைக்கற்களின் மேல் நீர் மெல்லிதாய்ப் பரந்து சலசலத்தோடும் இடம். இதனைக் கல்லோட்டம் என்று கொள்ளலாம். மற்றையது, நீர் ஆழ்ந்து அமைதியாய் நிற்கும் மடு. ஓரிடத்துக் கல்லோட்டத்திலிருந்து அடுத்த கல்லோட்டம் வரையுள்ள தூரம், ஆற்றின் அகலத்தைப் போல ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு மடங்கு இருக்கும். சிற்றோடைக்கும் பேராற்றுக்கும் இவ்விகிதம் பெரும்பாலும் பொருந்துவது வியப்பிற்குரியது. கல்லோட்டத்தின் கற்களுக்கிடையில் பூச்சிகளின் குடம்பிகளும், சிங்க இறாலைச் சிறிதாக்கினாற் போன்ற கிரேபிஷ் என்னும் நன்னீர்ப் பிராணியும் வாழ்கின்றன. பாஸ் மீன் கல்லோட்டம் முடிந்து மடு தொடங்கும் விளிம்பில், ஒரு பாறையின் மறைவில் நின்று, நீர் அடித்துவரும் இரைக்காகக் காத்திருக்கும். வேகமாக ஓடும் நீரில் நின்றால் அதன் வலிமை வீணாகும். முற்றிலும் அசையா நீரில் நின்றால் இரை வந்து சேராது.

இவ்விளிம்பு நிலையானதன்று. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை நீர் அரிக்கிறது; உட்கரையில் மணலையும் கல்லையும் படியவிடுகிறது. பெருவெள்ளம் ஒன்று வந்துபோனால் பழைய மடு தூர்ந்து, கல்மேடு வேறிடம் சென்றிருக்கும். பத்தாண்டுகள் கழித்து வந்து, பழைய மரத்தைக் குறியாக வைத்துத் தூண்டிலிடுபவன், முழங்காலளவு நீரில் இரையை இட்டுக்கொண்டு நிற்பான்.

வெள்ளம் மீனின் தொகையையும் மாற்றுகிறது. வசந்தத்தின் பிற்பகுதியில், நீரில் வெப்பம் ஏறியதும், ஆண் மீன் வாலினால் பருக்கைக்கல்லைத் துடைத்துக் குழியொன்று அமைக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு அகன்றுவிடும். முட்டையையும், பொரித்த குஞ்சுகளையும் காவல் காப்பது தந்தையின் பொறுப்பு. அவ்வேளையில் ஆறு பெருக்கெடுத்தால் கூடுகளும் குஞ்சுகளும் அடித்துச் செல்லப்படும். ஓரடி நீளம் வளர இம்மீனுக்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். ஆகவே, ஓரடி மீன் ஏன் அகப்படவில்லை என்று இவ்வாண்டு வருந்துபவன், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஜூன் மாதத்தில் எவ்வளவு மழை பெய்ததென்று கேட்டறிதல் வேண்டும்.

இவை ஆற்றின் இயல்பான மாற்றங்கள். மனிதர் அருகே குடியேறியதும் நேர்ந்த மாற்றத்தை ஓர் ஓடையில் நாற்பத்தோராண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். லூனா லியோபோல்ட் என்னும் ஆற்றியல் அறிஞர், 1953இல், மேரிலாந்து மாநிலத்தின் ரொக்வில் நகருக்கருகே பொட்டோமக்கில் வந்து சேரும் வாட்ஸ் பிராஞ்ச் என்னும் சிற்றோடையின் குறுக்கே நிலையான அடையாளங்களை நாட்டி, ஓடையின் அகல ஆழங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார். முதலில் ஓடை சிறுகச் சிறுகச் சுருங்கிக்கொண்டு வந்தது; மண் படிந்தமையே காரணம். பின்னர் அந்நிலை தலைகீழாயிற்று. வயலும் காடுமாயிருந்த நிலம் வீதியும் கூரையும் ஆயிற்று. நிலத்தினுள் ஊறிச் சென்ற மழைநீர் வடிகால் வழியே ஒரேயடியாக ஓடைக்குள் இறங்கியது. கரை கடந்த வெள்ளங்கள் பன்மடங்காயின. ஓடை தன் கரைகளை அரித்து விரியலாயிற்று. சிறு பெட்டகத்துள் அடங்கக்கூடிய கருவிகளும், ஆண்டுதோறும் அதே இடத்திற்குத் திரும்பிவரும் பொறுமையும் இவ்வுண்மையைத் தந்தன. விலையுயர்ந்த யந்திரங்களையே நம்பும் இக்காலத்தில் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும், லியோபோல்ட் முதலியோர் இவ்வோடைகளின் அடிப்படை உருவத்தையேனும் இயற்கையானதென்றே கொண்டிருந்தனர். புல் வளர்ந்த உயர்ந்த செங்குத்துக் கரைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் ஒற்றை ஓடை: பாடநூல்களிலும் ஓவியங்களிலும் காணப்படும் உருவம் அதுவே. 2008ஆம் ஆண்டில், பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரிலுள்ள ஒரு கல்லூரியின் புவியியலாளர் இருவர், ரொபர்ட் வால்ட்டரும் டொரத்தி மெரிட்ஸும், இக்கருத்தைக் கேள்விக்குட்படுத்தினர். அக்கரைகளை வெட்டிப் பார்த்தபோது, மேலே பல அடி தடிப்பில் மென்மையான வண்டல் காணப்பட்டது. அதன் அடியில் இலைக்குப்பையும் விதைகளும் நிறைந்த கரிய சதுப்பு மண் இருந்தது. ஆற்றின் வெள்ளம் தானே படியவிட்ட மண்ணில் காணப்படும் அமைப்பு அவ்வண்டலில் இல்லை. அது குளத்தின் அடியிற் படிந்த மண்.

குளம் எங்கிருந்து வந்தது? மாவரைக்கவும் மரமறுக்கவும் இரும்பு அடிக்கவும் ஐரோப்பியக் குடியேறிகள் ஒவ்வோர் ஓடையிலும் அணை கட்டி, நீர்ச்சில்லைச் சுழலவிட்டனர். 1840ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, கிழக்கு மாநிலங்களில் மட்டும் நீரினால் இயங்கிய ஆலைகள் 65,000க்கு மேற்பட்டவை. காட்டை வெட்டி உழுத நிலத்திலிருந்து கரைந்துவந்த மண் ஒவ்வோர் அணைக்குப் பின்னாலும் தேங்கிப் பள்ளத்தாக்கையே நிரப்பிற்று. பின்னர் நீராவி யந்திரம் வந்தது, ஆலைகள் கைவிடப்பட்டன, அணைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. விடுபட்ட ஓடை அவ்வண்டலை அறுத்துக்கொண்டு கீழிறங்கியது. அவ்வாறு அறுத்த வாய்க்காலே இன்று இயற்கையான ஓடை என்று கருதப்படுவது. லியோபோல்டின் காலத்தில் ஆராயப்பட்ட ஓடைகளும் இவ்வணைகளின் மிச்சமே என்று அவ்விருவரும் எடுத்துக்காட்டினர். குடியேறிகள் வருமுன் அப்பள்ளத்தாக்குகளில் ஒற்றை ஓடை இல்லை. கோரையும் புதரும் அடர்ந்த ஈரநிலத்தினூடே பல சிறு கால்கள் பிரிந்தும் கூடியும் ஓடின. இம்முடிவு எல்லா ஓடைகளுக்கும் பொருந்தாதென்று வாதிடும் அறிஞரும் உளர். பாறைமேல் அகன்று ஓடும் பொட்டோமக், சஸ்குவஹன்னா ஆகிய பேராறுகளின் கதையும் வேறு. ஆயினும், அவற்றுக்கு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவன இச்சிற்றோடைகளே.

சஸ்குவஹன்னாவின் குறுக்கே, அதன் வாயிலுக்கருகில், 1928இல் கொனொவிங்கோ என்னும் பெரிய மின்னணை எழுந்தது. விலாங்கு மீன் அட்லாண்டிக் சமுத்திரத்திற் பிறந்து, இளமையில் ஆறேறி வளர்வது. அதன் வழி அடைபட்டது. அவ்வாற்றில் வாழும் ஒருவகை மட்டியின் குஞ்சு, மீனின் பூவிற் சில காலம் ஒட்டி வளரவேண்டும். அதற்கு மிகவும் ஏற்ற மீன் விலாங்கு. விலாங்கு வராமற் போகவே, அணைக்கு மேலேயுள்ள மட்டிகள் முதுமையடைந்தன, இளையவை அரிதாயின. நீரை உறிஞ்சி வடித்துத் தெளிவாக்குவது மட்டியின் தொழில். கடலில் தொடங்கிய ஒரு பயணம் தடைப்பட, நூறு மைலுக்கப்பாலுள்ள நீரின் தெளிவு குறைகிறது. அண்மை ஆண்டுகளில் இளம் விலாங்குகளைப் பிடித்து, வண்டிகளில் ஏற்றி, அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டுவருகின்றனர். ஷ்ரைவரின் வாளி மீண்டும் புறப்பட்டது போலும்! ஆயின் இம்முறை ஏற்றிச் செல்லப்படுவது அவ்வாற்றுக்கே உரிய மீன்.

நீரில் உள்ள மாசைப் பற்றியும் கூறவேண்டும். 1972இல் இயற்றப்பட்ட தூய நீர்ச் சட்டத்தின் பின் ஆலைக்கழிவும் நகர்க்கழிவும் பெரிதும் குறைந்தன. ஆனால் கண்ணுக்குத் தெரியாதவை எஞ்சின. 2003இல், பொட்டோமக்கின் தென்கிளையில் இறந்த மீன்களை ஆராய்ந்தவர்கள், ஆண் பாஸ் மீன்களின் விந்துச் சுரப்பியில் முதிராத முட்டைகளைக் கண்டனர். 2005இல் சஸ்குவஹன்னாவில் அவ்வாண்டுக் குஞ்சுகள் நோயுற்றுப் பெருந்தொகையாக மாண்டன. 2011 முதல், அவ்வாற்றின் நடுப்பகுதியிற் பிடிக்கும் பாஸ் மீனை உடனே நீரில் விட்டுவிடவேண்டுமென்று விதி ஏற்பட்டது. நீண்ட ஆய்வின் பின் 2015இல் வெளியான முடிவு ஒரு தனிக் குற்றவாளியைக் காட்டவில்லை. களைகொல்லிகளும் உடலின் ஓமோன்களைக் குழப்பும் இரசாயனங்களும் ஒரு பக்கம், நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் மறுபக்கம் என்று அது கூறிற்று. பின்னர் மீனின் தொகை ஓரளவு தேறிவந்துள்ளது.

ஓடையைத் திருத்தி அமைக்க முற்படுவோர் இனி எந்தக் காலத்து ஓடையை மீட்பது? தூண்டிலிடுவோன் தன் இளமையிற் கண்ட மடுவையும் கல்லோட்டத்தையும் கேட்பான். லங்காஸ்டர் நகருக்கருகே பிக் ஸ்பிரிங் ரன் என்னும் சிற்றோடையில், 2011இல், வேறொரு விடையைச் செய்து பார்த்தனர். ஆலைக்காலத்து வண்டலை யந்திரங்களால் அள்ளி அகற்றி, கீழே புதைந்திருந்த பழைய சதுப்பு நிலத்தின் மட்டத்திற்குப் பள்ளத்தாக்கைத் தாழ்த்தினர். உயர்ந்த கரைகள் இல்லாமற்போயின. இப்போது அங்கே கோரைகளுக்கிடையே ஆழமில்லாத கால்கள் பல பிரிந்து ஓடுகின்றன. மழை பெய்தால் நீர் அகலப் பரந்து மெல்ல வடிகிறது. பெருமளவு வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. அத்தகைய புல்நீரில் சிறுவாய்ப் பாஸ் மீன் நிற்பதற்கு ஏற்ற பாறையும் மடுவும் இல்லை.